மொழியும் வாழ்வும்: கொடுப்பதும் விட்டுக்கொடுப்பதும்



ஆங்கிலத்தில் எது கடினம் என்று நம் இல்லங்களில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், சிலர் எழுத்துக்கூட்டல் என்பர். சிலர் வினைக் காலங்கள் என்பர். வேறு சிலர் நெடிய சொற்களின் பொருள் என்பர். அவை யாவும் முயன்றால் வசப்படுபவையே. பல ஆண்டுகள் படித்துத் தேறியவரையும் இடறி விழச் செய்பவை, ஓரசையும் ஈரசையும் கொண்ட சின்னஞ்சிறு சொற்கள்தாம். 'இன்', 'ஆன்', 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'டு', 'ஃபார்' எனும் இச்சிறு சொற்கள் தனியே நிற்கையில் சாதுவாகத் தோன்றும். ஒரு வினையோடு சேர்ந்துவிட்டாலோ அவ்வினையின் குணத்தையே மாற்றிவிடும்.

'கிவ்' என்றால் 'கொடு' என்பதை முதல் வகுப்புக் குழந்தையும் அறியும். ஆனால் 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'கிவ் இன்' என்றால் இணங்கிப் போ. 'கிவ் அவே' என்றால் இலவசமாக வழங்கு, அல்லது மறைத்து வைத்ததைக் காட்டிக்கொடு. 'கிவ் அவுட்' என்றால் பலருக்கும் பங்கிட்டுக் கொடு, அல்லது வலுவிழந்து ஓய்ந்து போ. இவற்றுள் சிலவற்றில் கொடுத்தல் என்னும் பொருள் இருந்த இடமே தெரியவில்லை. அகராதியில் 'கிவ்' என்பதற்கும் 'அப்' என்பதற்கும் தனித்தனியே பொருள் பார்த்துக் கூட்டினால், 'மேலே கொடு' என்றுதானே வரும்?

இந்த இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1755-ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இதனைச் சுட்டினார். வினையின் பின்னே சிறு சொல்லைச் சேர்த்துப் புதுப்பொருள் படைக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயல்நாட்டாருக்கு இதுவே பெருந்தொல்லை என்றும் அவர் கருதினார். இவ்வகை வினைகளுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர், லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925-இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிற்று. நாம் அதனைக் கூட்டுவினை என்று அழைப்போம்.

நமக்குப் புதியதன்று

கூட்டுவினை என்றதும் மிரள வேண்டியதில்லை. தமிழ்த் தாயின் மடியில் வளர்ந்தவருக்கு இது பழகிய செய்திதான். 'பார்' என்பது கண்ணின் தொழில். 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்னும்போது கண்ணின் தொழிலா குறிக்கப்படுகிறது? பேணிக் காப்பது என்பதன்றோ பொருள்! ஆங்கிலேயன் இதனை 'லுக் ஆஃப்டர்' என்கிறான். 'லுக்' என்றால் பார். அவன் 'ஆஃப்டர்' சேர்த்தான், நாம் 'கொள்' சேர்த்தோம். இரு மொழியிலும் பார்வை பராமரிப்பாக வளர்ந்துவிட்டது. 'தள்ளிப்போடு' என்கிறோம், அவன் 'புட் ஆஃப்' என்கிறான். எங்கும் எதையும் எடுத்துப் போடாமலேயே இருவரும் நாளைக் கடத்துகிறோம்.

இன்னும் உற்று நோக்கினால், சிறு சொற்களுக்குள்ளும் ஓர் ஒழுங்கு தென்படும். 'ஈட் அப்', 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்' என்பவற்றில் வரும் 'அப்' மேலே என்னும் பொருளை விட்டு, முழுவதும் முடிந்தது என்னும் பொருளைத் தருகிறது. சாப்பிட்டுவிடு, குடித்துவிடு, தீர்த்துவிடு என்பவற்றில் நம்முடைய 'விடு' செய்வதும் அதே வேலைதான். 'கோ ஆன்', 'கேரி ஆன்', 'ரீட் ஆன்' என்பவற்றில் 'ஆன்' தொடர்ச்சியைக் காட்டுகிறது. நாம் படித்துக்கொண்டே இரு என்போம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு சிறு சொற்களின் போக்கை அறிந்துகொண்டால், நூற்றுக்கணக்கான கூட்டுவினைகளின் கதவு திறந்துவிடும். எல்லாக் கதவுகளும் அல்ல, பெரும்பாலானவை.

இலத்தீன் கற்றவர்களுக்கு இது மேலும் தெளிவாகும். 'ஃபெர்ரே' என்னும் இலத்தீன் வினைக்குச் சும, கொண்டு செல் என்று பொருள். அதன் முன்னே சிறு சொற்களை ஒட்டவைத்துப் பிறந்தவையே ஆஃபர், ரெஃபர், பிரிஃபர், டிரான்ஸ்ஃபர் ஆகிய சொற்களெல்லாம். வடமொழியிலும் கொண்டு வருதலைக் குறிக்கும் ஒரே வேர், முன்னொட்டு மாறியதால் உண்ணும் ஆகாரமாகவும், அழிக்கும் சங்காரமாகவும், துறவியர் தங்கும் விகாரையாகவும் விரிந்தது. 'போஸ்ட்போன்' என்பது பின்னே வை என்னும் பொருளுடைய இலத்தீன் கூட்டு. 'புட் ஆஃப்' என்பது அதே கருத்தை ஆங்கிலேயன் தன் வீட்டுச் சொற்களால் கட்டியது. முன்னது அலுவலகத்திற்கு, பின்னது அடுப்படிக்கு. நம் பிள்ளைகள் பாடநூலில் முன்னதையே கற்று வருவதால், தேர்வில் வெல்கிறார்கள். ஆங்கிலேயர் இருவர் பேசும் சாதாரணப் பேச்சைக் கேட்டால் மலைத்து நிற்கிறார்கள்.

உருபு செய்யும் குழப்பம்

கூட்டுவினை ஒருபுறமிருக்க, பொருள் மாறாமலே குறிப்பிட்ட ஒரு சிறு சொல்லைத் துணைக்குக் கேட்கும் வினைகளும் பெயர்களும் உண்டு. இங்கேதான் நம் தமிழ் வேற்றுமை உருபுகள் குறுக்கிடுகின்றன. ஐ, ஆல், கு, இல், ஓடு, இடம் எனத் தமிழில் உருபு பெயரின் பின்னே ஒட்டி வரும். ஆங்கிலத்தில் அவ்வேலையைச் செய்யும் சொல் பெயரின் முன்னே தனித்து நிற்கும். தமிழ் உருபை அப்படியே பெயர்த்து ஆங்கிலத்தில் வைத்தால் சில இடங்களில் பொருந்தும். பல இடங்களில் பொருந்தாது.

'என்மேல் கோபம்' என்பதை நினைத்து 'ஆங்ரி ஆன் மீ' என்கிறோம். அவர்கள் 'ஆங்ரி வித் மீ' என்பர். 'ஆங்கிலத்தில் கெட்டிக்காரன்' என்பதால் 'குட் இன் இங்கிலீஷ்' என்கிறோம். அவர்கள் 'குட் அட்' என்பதையே பெரிதும் ஆள்வர். 'அவரிடம் கேட்டேன்' என்பதில் 'இடம்' இருப்பதால் 'ஆஸ்க்டு டு ஹிம்' என்று எழுதத் தோன்றும். 'ஆஸ்க்' என்னும் வினைக்கோ அந்த 'டு' வேண்டியதில்லை. மாறாக, 'பாட்டைக் கேட்டேன்' என்பதில் இரண்டாம் வேற்றுமை வருவதால் 'லிசன்' என்பதை வெறுமனே விடுகிறோம். அங்கே 'டு' இல்லாமல் முடியாது.

'நாய்க்குப் பயப்படுகிறான்' என்பதை 'ஃபார்' போட்டு எழுதினால் வேடிக்கையாகிவிடும். 'அஃப்ரெய்ட் ஃபார் தி டாக்' என்றால், அந்த நாய்க்கு என்ன ஆபத்து நேருமோ என்று இவன் கவலைப்படுகிறான் என்று பொருள். அஞ்சி ஓடுகிறவனை நாயின் காவலனாக்கிவிட்டது ஒரு சிறு சொல்! திருமண அழைப்பிதழ்களில் காணும் 'மேரிட் வித்' என்பதும் இத்தகையதே. மணமகனோடு திருமணம் என்ற நினைவில் 'வித்' வருகிறது. ஆங்கில மரபு 'மேரிட் டு' என்பதாகும். 'மேரிட் வித் டூ சில்ட்ரன்' என்றால் மணமானவர், இரு குழந்தைகள் உடையவர் என்று ஆகும்.

இந்த 'வித்' என்னும் சொல்லுக்கு ஒரு பழங்கதை உண்டு. பண்டைய ஆங்கிலத்தில் அதற்கு எதிராக என்னும் பொருள் இருந்தது. 'வித்ஸ்டாண்ட்', எதிர்த்து நில், என்னும் சொல்லில் அப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவேதான் 'ஃபைட் வித்' என்றால் எதிர்த்துப் போரிடுதலும் ஆகும், உடனிருந்து போரிடுதலும் ஆகும். நாம் மட்டும் என்ன? 'அண்ணனோடு சண்டை' என்கிறோம். சேர்ந்திருப்பதைக் காட்டும் 'ஓடு' உருபைக் கொண்டே பிரிவைச் சொல்கிறோம்!

இது ஒருவழிப் பாதையும் அன்று. தமிழ் கற்க வந்த ஐரோப்பியர் நம் உருபுகளின் முன் இதே பாடுபட்டனர். 'நான் அறிவேன்' என்னும் கட்டமைப்பில் பழகியவர், 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது' என்னும் தொடர்களில் 'நான்' எப்படி 'எனக்கு' ஆயிற்று என்று திகைத்திருப்பர். 1623-இல் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்து பணிபுரிந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் தமிழை அத்துணைத் திறம்படக் கற்றது, இத்தகைய சிறு முடிச்சுகளைப் பொறுமையோடு அவிழ்த்ததால்தானே? வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. பின்னே வரும் குருக்கள் மக்களின் பேச்சில் தடுமாறக் கூடாது என்பதே அதன் நோக்கம். அயல்மொழி பேசுகையில் தடுமாறுவது அறிவின்மையின் அடையாளம் அன்று என்பதற்கு இப்பெரியோர் சான்று.

தெருவில் கிடக்கும் ஆங்கிலம்

நாமக்கல் லாரிப் பட்டறைகளுக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நிற்கும் இடங்களுக்கும் சென்று பாருங்கள். 'வண்டி பிரேக்டவுன்' என்று பள்ளிக்கூடம் காணாதவரும் சொல்வார். வீட்டுமனை வாங்குவோர் 'லே-அவுட்' என்பர். கல்லூரி தேடுவோர் 'கட்-ஆஃப்' என்பர். நடிகருக்கும் தலைவருக்கும் 'கட்-அவுட்' வைப்பர். மருத்துவரிடம் 'செக்-அப்' செய்வர். குற்றவாளி 'லாக்-அப்'பில் இருப்பான். இவை அனைத்தும் கூட்டுவினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்களே. நம் மக்கள் அறியாமலே ஆங்கிலத்தின் கடினமான பகுதியைக் கையாண்டு வருகிறார்கள்! பெற்றோர் இவற்றையே பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம்.

'பிரேக்' என்றால் உடை. வண்டி 'பிரேக் டவுன்' ஆனால் வழியில் நின்றுவிடும். மனிதர் 'பிரேக் டவுன்' ஆனால் துயரம் தாங்காமல் கதறிவிடுவார். திருடன் செய்வது 'பிரேக் இன்'. கொள்ளைநோய் திடீரெனப் பரவுவது 'பிரேக் அவுட்'. கூட்டம் கலைவதும் உறவு முறிவதும் 'பிரேக் அப்'. நிச்சயித்த திருமணத்தை முறிப்பது 'பிரேக் ஆஃப்'. ஒரே உடைதல், ஐந்து வகை வேதனை.

இவற்றை ஆளும் முறையில் ஒரு நுட்பமும் உண்டு. 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்றும் சொல்லலாம், 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் காலணியைச் சுட்டிப் 'அவற்றை' என்னும்போது 'டேக் தெம் ஆஃப்' என்று நடுவில்தான் வைக்கவேண்டும். 'லுக் ஆஃப்டர்' போன்றவை இப்படிப் பிரியா. 'லுக் ஆஃப்டர் தெம்' என்பதே வழக்கு. செவிக்கும் ஒரு குறிப்பு உண்டு. பிரியக் கூடியவற்றில் பெரும்பாலும் பின்வரும் சிறு சொல் அழுத்தம் பெறும். பிரியாதவற்றுள் பலவற்றில் வினையே அழுத்தம் பெறும்.

பிழையா, வழக்கா?

'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். அடிப்பது சரியே; 'டிஸ்கஸ்' என்பதிலேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது. 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' மிகை. 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' என்பவற்றின் சாயலால் அது நுழைந்தது போலும். ஆயினும் பிழை என்று தள்ளும் எல்லாமே பிழையாகா. நம் அலுவலகங்களில் கோப்பை 'புட் அப்' செய்தல் என்றால் மேலதிகாரியின் பார்வைக்கு வைத்தல். 'பாஸ்டு அவுட்' என்றால் நாம் படித்து முடித்ததைச் சொல்கிறோம். இங்கிலாந்தில் படைவீரர் பயிற்சி முடிக்கும் அணிவகுப்புக்கு அவ்வழக்கு உண்டு. மற்றபடி அங்கே அதற்கு மயங்கி விழுந்தார் என்றே பொருள். விண்ணப்பப் படிவத்தை ஆங்கிலேயர் 'ஃபில் இன்' செய்வர், அமெரிக்கர் 'ஃபில் அவுட்' செய்வர், நாம் 'ஃபில் அப்' செய்கிறோம். படிவம் ஒன்றுதான்.

இந்திய ஆங்கிலம் உண்மையில் எப்படி வழங்குகிறது என்று காண, 1978-இல் இந்தியாவில் அச்சான எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் சொற்களைக் கோல்ஹாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தார் திரட்டினர். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்னும் அறிஞரின் தலைமையில் கணிப்பொறியில் திரட்டிய சொற்குவியலைக் கொண்டு 1987-இல் 'கோபில்டு' அகராதி வெளியாயிற்று. 1989-இல் கூட்டுவினைகளுக்கென்றே தனி அகராதி வந்தது. இலக்கண ஆசிரியர் எப்படிப் பேசவேண்டும் என்பதைச் சொல்வார். இத்தகைய திரட்டோ மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் காட்டும். இரண்டும் நமக்குத் தேவை.

நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆர். கே. நாராயண் என்னும் பெயரின் முதல் எழுத்து இராசிபுரத்தைக் குறிப்பது. 1935-இல் வெளிவந்த 'சுவாமி அண்ட் ஃப்ரண்ட்ஸ்' முதல் அவர் எழுதிய ஆங்கிலம் எளிமையானது, ஆடம்பரமற்றது. அவருக்கு முதல் பதிப்பாளரைத் தேடித் தந்தவர், கத்தோலிக்கராக மனம் மாறிய எழுத்தாளர் கிரகாம் கிரீன். நாமும் நம் ஊர் வாசனையோடு ஆங்கிலம் எழுதலாம் என்பதற்கு நாராயண் சான்று.

நோயாளியின் படுக்கையருகே

இவையெல்லாம் பொழுதுபோக்குச் செய்தி என்று எண்ண வேண்டாம். நம் பங்குக் குடும்பங்களிலிருந்து செவிலியர் பணிக்காகக் கடல் கடந்து செல்லும் பெண்மக்கள் பலர். ஆங்கிலத் தேர்வில் தேறியே செல்கிறார்கள். ஆனால் படுக்கையில் கிடக்கும் முதியவர் பாடநூல் மொழியில் பேசமாட்டார். வாந்தி எடுத்தேன் என்பதற்கு அவர் 'வாமிட்' என்னாமல் 'த்ரோ அப்' என்பார். மயங்கினேன் என்பதற்கு 'பாஸ்டு அவுட்' என்பார்; நினைவு திரும்பியதை 'கேம் ரவுண்ட்' என்பார்; உடல் ஓய்ந்திருப்பதை 'ரன் டவுன்' என்பார். 'பாஸ் அவுட்' என்றால் மயக்கம். 'பாஸ் அவே' என்றால் மரணம். தொலைபேசியில் உறவினருக்குச் செய்தி சொல்லும் செவிலியின் வாயில் இவ்விரண்டும் இடம் மாறினால் ஒரு குடும்பத்தின் நிலை என்னவாகும்! சிறு சொல்தானே என்று எவ்வாறு அலட்சியம் செய்வது?

விசுவாசத்தின் சிறு சொல்

திருச்சபையின் மறையறிஞர்களும் இச்சிறு சொற்களை நிறுத்துப் பார்த்தவர்களே. புனித அகுஸ்தீனார் இலத்தீனில் மூன்று வகை நம்பிக்கையைப் பிரித்துக் காட்டினார். கடவுள் உண்டு என நம்புதல் ஒன்று. அவர் சொல்வது உண்மை என நம்புதல் மற்றொன்று. அவரிடமே தன்னை ஒப்படைத்து அவரை நோக்கிச் செல்லும் நம்பிக்கை மூன்றாவது. மூன்றாவதற்கே 'இன்' என்னும் சிறு சொல் வரும். புனித தோமா அக்குவினாரும் இதனை எடுத்து விளக்கினார். ஆங்கிலத்தில் 'ஐ பிலீவ் யூ' என்றால் நீ சொன்னதை நம்புகிறேன். 'ஐ பிலீவ் இன் யூ' என்றால் உன்னையே நம்பியிருக்கிறேன்.

இலத்தீன் விசுவாச அறிக்கையில் மூவொரு கடவுளைச் சொல்லும்போது 'இன்' வருகிறது. திருச்சபையைச் சொல்லும்போது அது இல்லை. கடவுளையும் அவருடைய செயல்களையும் ஒன்றெனக் குழப்பாதிருக்கவே இவ்வேறுபாடு என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் விளக்குகிறது. ஆங்கிலத் திருப்பலி நூலோ இரண்டிற்கும் 'இன்' என்றே வைத்துள்ளது; தமிழில் இரண்டிற்கும் 'ஐ' உருபே வருகிறது. சொல்லில் மறைந்ததை உள்ளம் அறிந்து சொல்ல வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர விரும்பும் பெற்றோர், தமக்கு ஆங்கிலம் தெரியாவிடினும் சில உதவிகள் செய்யலாம். முதலாவது, வினையைத் தனியே எழுதவிடாமல் அதன் சிறு சொல்லையும் சேர்த்தே எழுதச் செய்யுங்கள். 'வெயிட்' என்றல்ல, 'வெயிட் ஃபார்'. 'டிபெண்ட்' என்றல்ல, 'டிபெண்ட் ஆன்'. இரண்டாவது, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தில் அமைக்கச் செய்யுங்கள். வாக்கியம் நினைவில் நின்றால் உருபு தானே நிற்கும். மூன்றாவது, நாளைக்கு ஒன்று போதும். 'கெட்', 'புட்', 'டேக்', 'லுக்', 'கம்', 'கோ' ஆகிய ஆறு வினைகளில் தொடங்கினால் ஓராண்டில் பிள்ளை பெருஞ்செல்வம் சேர்த்துவிடும். நான்காவது, அதற்கு இணையான தமிழ்த் தொடரைக் கேளுங்கள். 'புட் அப் வித்' என்பதற்குப் 'பொறுத்துக்கொள்' என்று பிள்ளை கண்டுபிடித்தால், இரு மொழியும் ஒருங்கே வளரும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிழை செய்த பிள்ளையைப் பிறர் முன் நகைக்காதீர்கள். ஆங்கிலவழிப் பள்ளிகள் பெருகியுள்ள நம் மாவட்டங்களில், கிராமத்திலிருந்து வரும் பிள்ளை வாய் திறக்கவே அஞ்சுகிறது. ஏ. எஸ். ஹார்ன்பி என்னும் ஆங்கிலேயர் ஜப்பானில் ஆசிரியராயிருந்து, மாணவர் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று பரிவோடு கவனித்தார். தோழர் இருவருடன் சேர்ந்து, ஒவ்வொரு வினையும் எவ்வாறு ஆளப்படும் என்பதையும் காட்டும் அகராதியைத் தொகுத்து 1942-இல் டோக்கியோவில் வெளியிட்டார். உலகெங்கும் மாணவர் கையில் தவழும் ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியின் மூலம் அதுவே. நகைப்பவர் யாருக்கும் மொழி கற்பித்ததில்லை; கவனிப்பவரே கற்பித்தார்.

இறுதியாக ஒன்று. 'கிவ் அப்' என்றால் கைவிடுதல். 'கிவ் இன்' என்றால் இணங்கிப் போதல். ஆங்கிலத்தில் இரண்டுமே தோல்வியின் சாயல் உடையவை. தமிழில் 'விட்டுக்கொடு' என்கிறோம். விடுதலும் கொடுத்தலும் சேர்ந்த இச்சொல்லில் தோல்வியில்லை. தன் உரிமையை அன்பினால் பிறருக்கு ஈயும் பெருந்தன்மை இருக்கிறது. கணவன் மனைவிக்கும், மாமியார் மருமகளுக்கும், அண்ணன் தம்பிக்கும் விட்டுக்கொடுத்தால் குடும்பம் தழைக்கும். பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சிறு சொற்களைக் கற்பிக்கும்போது, இந்தத் தமிழ்ச் சொல்லையும் மறவாமல் கற்பிப்போம்.